அழகுக் குறிப்புக் கைந்நூலின் உரைநடை: ஒரு திருத்த முயற்சியும் சில சமூகவியற் சிந்தனைகளும்

அழகுக் குறிப்பு எனப்படும் எழுத்துவகை எமது இலக்கிய ஆய்வாளரின் கவனத்துக்குப் பெரும்பாலும் உட்படுவதில்லை. துப்பறியும் நாவலுக்கும் திரைப்படப் பாடலுக்கும் சமூகவியல் விளக்கம் தேடியவர்கள்கூட, கண்ணின் கீழுள்ள கருவளையம் நீங்குவதற்கு வழி கூறும் பத்தியொன்றைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுவர். நாமும் அவ்வாறு புரட்டியவர்களே. ஆயின் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. சிறுகதையைப் படித்தவர் அதன்படி நடக்க வேண்டுமென்பதில்லை. அழகுக் குறிப்பைப் படித்தவரோ அன்றிரவே அதனைத் தமது முகத்திற் செய்து பார்க்கிறார். மொழிக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தூரம் இத்துணை குறுகியிருக்கும் எழுத்துவகைகள் அதிகமில்லை. உரைநடையின் பிழை உடலின் காயமாக மாறக்கூடிய இடம் இது.

இக்கட்டுரைக்கு ஏதுவாக அமைந்தது ஒரு சிறு பணி. இளம் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் குழுவொன்று, கைத்தொலைபேசியில் இறக்கிப் படிக்கத்தக்கதாக 16 பக்கங்களில் அழகுக் குறிப்புக் கைந்நூலொன்றை ஆக்கியிருந்தது. இலவசமாக வழங்கப்படுவது. அதன் தமிழைத் திருத்தித் தருமாறு எம்மிடம் கேட்டனர். ஒற்றுப் பிழைகளையும் சந்திப் பிழைகளையும் நீக்கினால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும் என்றெண்ணி ஒப்புக்கொண்டோம். இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதற்கு முன்னரே, பிழை சந்தியில் இல்லை என்பது புலனாயிற்று.

கைந்நூலில் 43 குறிப்புகள் இருந்தன. அவற்றின் வாக்கியங்கள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: இன்னதை எடுத்து, இன்னதோடு குழைத்து, முகத்திற் பூசி, 15 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்; முகம் பளிச்சிடும். ஏவல் வினையொன்றும் எதிர்கால வினையொன்றும். முன்னது கட்டளை, பின்னது வாக்குறுதி. இவ்விரண்டையும் இணைக்கவேண்டிய காரணத் தொடர் எங்கணும் இல்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, யார் செய்யலாகாது, எரிந்தால் என்ன செய்வது, எப்பொழுது நிறுத்துவது என்பனவும் இல்லை. அம்முப்பது நாற்பது சொற்களுள் அளவைக் குறிக்கும் ஒரேயொரு சொல் 'நிமிடம்' என்பது. அந்தப் 15 நிமிடமும் அளந்தறிந்து கூறப்பட்டதன்று. வழிவழி வந்த ஒரு மரபுத்தொடர் போலவே அது வழங்குகிறது.

இதனை எமது பழைய மருத்துவ நூல்களோடு ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். யாழ்ப்பாணத்து அரசர் காலத்தவை எனக் கொள்ளப்படும் பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய நூல்கள் செய்யுளில் அமைந்தவை. நவீன விஞ்ஞானத்துக்கு முற்பட்டவை. ஆயினும் ஒரு மருந்தைக் கூறுமிடத்து அதன் சரக்குகளையும் நிறையையும், எதனோடு கொள்வது என்னும் அனுபானத்தையும், எதனை விலக்குவது என்னும் பத்தியத்தையும் உரைப்பது அந்த மருத்துவ மரபின் இயல்பு. அம்மரபின் முடிபுகள் அனைத்தையும் நாம் ஏற்கின்றோம் என்பதல்ல. 'கூறும் முறை' பற்றியே இங்கு பேசுகின்றோம். அளவும் அனுபானமும் பத்தியமும் இன்றி மருந்து சொல்வது பரியாரியாருக்கு இழுக்கெனக் கருதப்பட்ட சமூகத்தின் வழித்தோன்றல்களாகிய நாம், அவை மூன்றும் அற்ற உரைநடையை இயல்பானதென ஏற்றுக்கொண்டது எவ்வாறு?

விடை காண்பதற்குச் சற்று வரலாற்றுள் நுழைதல் வேண்டும். நிலவுடைமைச் சமூகங்களில் அலங்காரம் என்பது பிறரது உழைப்பு. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவியின் கூந்தலுக்கு நீராட்டப்படும்பொழுது, பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் கூறப்படுகின்றது. நாற்பத்தேழு பொருள்கள். அவற்றைத் தேடியவர், காயவைத்தவர், இடித்தவர், நீரில் ஊறவிட்டவர் எவரும் காப்பியத்துள் இல்லை. அடியார்க்குநல்லாரின் உரையோ அப்பொருள்களைப் பெயர் பெயராக எடுத்துரைக்கிறது. காப்பியம் மறைத்த உழைப்பின் நிழல் உரையில் விழுந்துள்ளது எனலாம். ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. உரோமக் கவிஞர் ஓவிட் பெண்களின் முகப்பூச்சுகள் பற்றிப் பாடிய செய்யுளில் இன்று எஞ்சியிருப்பன ஏறத்தாழ 100 அடிகள்; அவற்றிலும் பார்லி இத்தனை இறாத்தல், முட்டை இத்தனை என்று நிறையும் தொகையும் வருகின்றன. 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலேர்னோ நகரில் வழங்கிய, திரொத்தூலா என்னும் பெண்ணின் பெயரோடு இணைக்கப்பட்ட நூற்றொகுதியில் ஒரு பகுதி பெண்களின் ஒப்பனைக்கெனவே அமைந்தது. அதுவும் செய்முறை நூலே. படிப்பவர் அல்லது படிப்பவரின் பணியாள் அதனைச் செய்துகொள்ளலாம்.

1858இல் நியூயோர்க்கில் வெளிவந்த லோலா மொன்டெஸ் என்பாரின் அழகுக்கலை நூல் இம்மரபின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. நடனமாதாகவும் ஒரு மன்னனின் காதலியாகவும் ஐரோப்பாவையே பேசவைத்த அவர், கடைப்பூச்சுகளை நம்பாது தாமே தயாரித்துக்கொள்ளுமாறு பெண்களுக்கு அறிவுறுத்தினார். அதன் பின்னர் வந்த அரை நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. ஒப்பனைப் பொருள் தொழிற்சாலைப் பண்டமாகியது. அதன் சேர்மானம் வியாபார இரகசியமாகியது. பண்டத்தோடு சேர்த்து இலவசமாக வழங்கப்பட்ட சிறு கைந்நூல் தோன்றியது. அதில் செய்முறை இருக்க முடியாது, செய்முறையை மறைப்பதிலேதான் இலாபம் தங்கியிருந்தது. 'இத்தனை நிறை எடு' என்றிருந்த இடத்தில் 'எமது களிம்பை எடு' என்பது வந்தமர்ந்தது. அளவு என்பது உரைநடையிலிருந்து வெளியேறியது இவ்வாறுதான். எம்மிடம் வந்த கைந்நூலின் வரலாற்றுத் தாய் இவ்விளம்பரக் கைந்நூலே. எலுமிச்சையும் மஞ்சளும் பயற்றம்மாவும் அதற்குப் போர்த்தப்பட்ட பாட்டிவைத்தியப் போர்வை மாத்திரமே.

இந்த உரைநடைக்கு எதிராக எழுந்த முதலாவது பெரும் இயக்கம் ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் நிகழ்ந்தது. 1906ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டம் ஒப்பனைப் பொருள்களைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை. எலிப் பாஷாணமாகிய தாலியத்தின் உப்பைக் கொண்ட 'கோரெம்லு' என்னும் மயிர்நீக்கிக் களிம்பு அங்காடிகளில் விற்பனையாயிற்று. பூசியவர்களின் நரம்புகள் பாதிக்கப்பட்டன. 'லாஷ் லூர்' என்னும் கண்ணிமைச் சாயம் 1933இல் ஒரு பெண்ணின் பார்வையைப் பறித்தது. அதே ஆண்டில் காலெற்றும் ஷிலிங்கும் எழுதிய, பத்துக்கோடி அமெரிக்கரும் பரிசோதனைக் கினியாப்பன்றிகளே எனும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட நூல் வெளிவந்தது. 1934இல் எம். சி. பிலிப்ஸ் என்னும் பெண்மணி ஒப்பனைப் பொருள்களை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு நூல் எழுதினார். 1938இல் புதிய சட்டம் வந்தது.

அச்சட்டத்தில் உரைநடை ஆய்வாளருக்குச் சுவையான ஒரு கூறு உண்டு. நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் தலைமயிர்ச் சாயங்களைச் சட்டம் தடைசெய்யவில்லை. உற்பத்தியாளரின் செல்வாக்கு அவ்வளவு. ஆனால் அவற்றின் மேலுறையில் ஓர் எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என விதித்தது. சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாகலாம், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைக்கோ புருவத்துக்கோ இடலாகாது, இட்டால் குருடாதல் கூடும் என்பது அதன் சாரம். இன்றும் சாயப் பெட்டியின் ஓரத்தில் நுண்ணெழுத்தில் நிற்கும் அவ்வாக்கியத்தை நாம் வாசிப்பதில்லை. வாசித்தால் அது ஒரு பெண்ணின் கண்களும் ஒரு பத்தாண்டுப் போராட்டமும் ஈந்த வாக்கியம் என்பது விளங்கும். எமது கைந்நூலின் தலைமயிர்ச் சாயம் பற்றிய பக்கத்தில் அவ்வாக்கியம் விடப்பட்டிருந்தது. இடப்பற்றாக்குறையாம். அதே பக்கத்தில் ஒரு பெண்ணின் கூந்தல் பாதிப் பக்கத்துக்கு வரையப்பட்டிருந்தது.

இங்கே ஒரு கிளைச்செய்தி. பிலிப்ஸ், ஷிலிங் ஆகியோரின் நுகர்வோர் ஆராய்ச்சி நிறுவனத்திலேயே 1935இல் தொழிற்சங்கம் அமைத்தவர்கள் வேலைநீக்கஞ் செய்யப்பட, ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். நிர்வாகம் அவர்களைக் கம்யூனிஸ்டுகள் என்றது. வேலைநிறுத்தக்காரரும் காலெற்றும் வெளியேறி 1936இல் வேறொரு நுகர்வோர் சங்கத்தை அமைத்தனர். வாங்குபவரின் தோலைக் காக்கப் புறப்பட்டவர்களுக்கு, தம் கூடத்திலேயே உழைத்தவரின் வயிறு தெரியவில்லை. நுகர்வோர் நோக்கின் எல்லை இதுவே. மினுமினுக்கும் கண்ணிமைப் பூச்சிலுள்ள மைக்கா, ஜார்க்கண்டிலும் பீகாரிலும் சிறுவர்கள் கைகளாலும் பொறுக்கப்படுவது என்பதை எந்த மேலுறையும் எச்சரிப்பதில்லை.

இனி, எமது சிந்தனையையே மாற்றிய விவாதத்துக்கு வருவோம். கைந்நூலைப் படித்ததும் எமக்குத் தோன்றிய முதல் எண்ணம், இதனைத் திருத்துவதைவிடக் கைவிடுவதே மேல் என்பது. முற்போக்காளரிடையே இது பழைய மனநிலை. 1954இல் அமெரிக்க சோஷலிசத் தொழிலாளர் கட்சியின் 'மிலிற்றன்ற்' வார இதழில் ஜாக் புஸ்தெலோ என்னும் புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜோசப் ஹான்சன். மெக்சிக்கோவில் ட்ரொட்ஸ்கியின் செயலாளராக இருந்தவர். ஒப்பனைப் பொருள் நிறுவனங்கள் விற்பனைச் சரிவை எவ்வாறு புதிய தந்திரங்களால் நிமிர்த்த முயல்கின்றன என்பதை அவர் எள்ளலோடு எழுதியிருந்தார். எதிர்பாராத இடத்திலிருந்து கண்டனம் எழுந்தது. கட்சியின் பெண் வாசகர்களே எழுதினர். எள்ளல் நிறுவனத்தின்மீது விழவில்லை, பெண்கள்மீது விழுகிறது என்றனர். வயதும் தோற்றமும் பார்த்தே வேலை தரப்படும் சமூகத்தில் உதட்டுச்சாயம் ஆடம்பரமன்று, வேலைக்கருவி என்றனர். அழகு பணக்காரப் பெண்களின் தனியுரிமையாக ஏன் இருக்க வேண்டும் என்றும் கேட்டனர். ஹான்சன் விடையிறுத்தார், ஈவ்லின் றீட் அவர் பக்கம் நின்று, அழகின் அளவுகோல்கள் வரலாற்றில் வர்க்கங்களால் ஆக்கப்படுபவை என விரிவாக எழுதினார். 1986இல் இவ்விவாதம் முழுவதும் நூலாயிற்று.

கோட்பாட்டளவில் ஹான்சனும் றீட்டும் கூறியது சரியென்றே நாம் கொள்கின்றோம். மார்க்ஸ் பண்டத்தின் மாயத்தன்மை பற்றிக் கூறியது வேறெங்கு பொருந்தாவிடினும் ஒரு சிறு குப்பிக் களிம்புக்குப் பொருந்தும். ஆயினும் கடிதம் எழுதிய பெண்களும் ஓர் உண்மையைக் கூறினர். அளவுகோல் பொய்யானது என்று நிறுவியதனால் அவ்வளவுகோலால் அளக்கப்படுவது நின்றுவிடாது.

இது எமக்குப் புத்தகத்தினால் மாத்திரம் விளங்கியதன்று. கைந்நூலின் ஐந்தாம் பக்கத்தில் நிறத்தைக் கூட்டும் வழிகள் என்றொரு பகுதி இருந்தது. அதனை முற்றாக நீக்கிவிடுமாறு கூறினோம். குழுவிலிருந்த, ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்யும் இளம்பெண் ஒருவர் மறுத்தார். "சேர், நீங்கள் அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டா, நாங்கள் பூசிறதை விட்டிடுவமோ? கடைக்காரனிட்டைத்தானே போய்க் கேட்பம்" என்றார். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்த காலம் முதலாக, கிராமத்திலிருந்து வந்து வாடகை அறையில் வாழும் பெண்ணுழைப்பாளர் எனும் ஒரு புதிய வாசகர் பகுதி எமது நாட்டில் உருவாகியுள்ளது. அவர்களைப் பற்றி நாம் எழுதியிருக்கின்றோம். அவர்களுக்காக ஒரு பக்கம் எழுதும்படி கேட்கப்பட்டபொழுது, எமக்குத் தோன்றியது பக்கத்தை நீக்குவது!

ஆகவே அப்பக்கத்தை நீக்காமல் மாற்றி எழுதினோம். முதலில் சொல்லை நோக்கினோம். பேச்சுவழக்கில் 'நிறம்' என்பது வெண்மைக்கே ஆகுபெயராகிவிட்டது. 'பிள்ளை நல்ல நிறம்' என்றால் வெள்ளை, 'நிறம் காணாது' என்றால் கறுப்பு, இடைப்பட்டது 'பொதுநிறம்'. கறுப்பு, நிறமே அன்று என்பதுபோல் மொழி நடந்துகொள்கிறது. சங்க அகப்பாடல்களிலோ மாந்தளிரையொத்த மாமையே தலைவியின் எழில்; அது அழிந்து வெளிறிப் பசலை படர்வது துயரின் குறி. வெளிறுதலை நோயாகக் கண்ட மொழி, வெளிறுதலை அழகாகக் காணும் மொழியாக மாறியமைக்குக் குடியேற்றவாதம் மட்டும் காரணமன்று. வெயிலில் உழைப்பவருக்கும் நிழலில் இருப்பவருக்கும் இடையிலான வேறுபாடு அதற்கு முன்னரே இருந்தது. சாதி அதனைத் தோலின்மீது எழுதியது.

இவற்றையெல்லாம் 16 பக்கக் கைந்நூலில் எழுத முடியாது. எழுதியது இதுதான். தோலின் கருமையைத் தருவது மெலனின். அதனை ஆக்கும் கலங்களின் தொகை எல்லா நிறத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது அவை ஆக்கும் மெலனினின் அளவும் அது பரந்திருக்கும் முறையுமாகும். ஆதலால் பிறந்த நிறம் ஒரு குறைபாடன்று. வெண்மை தருவதாக விற்கப்படும் களிம்புகள் பலவகை. 1975இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபெயார் அன்ட் லவ்லி' போன்றவற்றில் நியசினமைட்டு எனும் உயிர்ச்சத்து வகை சேர்க்கப்பட்டது. அதன் விளைவு மெல்லியது, விளம்பரத்தில் வரும் முகமாற்றத்தை அதனால் ஆக்க இயலாது. அப்பெயரிலிருந்து வெண்மையைச் சுட்டிய சொல் 2020இல் உலகளாவிய இனவாத எதிர்ப்பின் பின் அகற்றப்பட்டது. இரண்டாவது வகை ஐதரோக்குவினோன். மருத்துவரின் கண்காணிப்பில் குறித்த காலத்துக்கு வழங்கப்படும் மருந்தாகிய இதனைக் கண்டபடி நீண்டகாலம் பூசினால், தோலில் நீலங்கலந்த கருமை படிந்துவிடும். வெள்ளையாகப் பூசியவர் மாறாக் கருமை பெற்ற இக்கொடுமை பெருமளவிற் கண்டறியப்பட்ட தென்னாபிரிக்காவில், நிறவெறி ஆட்சியின் அந்திமக் காலமாகிய 1990இல் வெண்மையாக்கும் ஒப்பனைப் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. மூன்றாவது வகை, மேலுறையில் கூறாமலே ஸ்டீரொயிட்டுக் கலந்தவை. சில நாள்களில் பளபளப்பு. சில மாதங்களில் தோல் மெலிதல், பருக்கள், நிறுத்தினால் எரிவு.

நான்காவது வகையே மிகக் கொடியது. பாதரசம் மெலனின் ஆக்கத்தைத் தடுக்கும். சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் கெடுக்கும். பூசியவரின் துவாய், தலையணை வழியாகக் குழந்தைகளையும் சென்றடையும். 2013இல் கைச்சாத்தான மினமாற்றா உடன்படிக்கை, பத்துலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசங் கொண்ட ஒப்பனைப் பொருள்களுக்கு 2020ஐ எல்லையாக வைத்தது. 2023இல் அந்த ஒரு பங்குச் சலுகையையும் நீக்கி, 2025ஐ எல்லையாக்க முடிவாயிற்று. எனினும் பெயர் விபரமற்ற சிமிழ்களில் அது விற்கப்பட்டே வருகிறது. வாசகர் எவ்வாறு அறிவது? மேலுறையில் கலமெல், மேர்க்கியூரிக், மேர்க்கியூரியஸ் என்னும் சொற்கள் இருக்கலாம். சேர்மானமே அச்சிடப்படாதிருக்கலாம். தங்கம், வெள்ளி, அலுமினியம், இறப்பர் ஆகியவற்றிற் படாது பார்த்துக்கொள்ளவும் என்றொரு குறிப்பும் இருக்கலாம். பாதரசம் பொன்னோடு கலந்துவிடும் என்பதே அக்குறிப்பின் காரணம். தாலிக்கொடியிற் படலாகாது என்று கழற்றி வைத்துவிட்டு அதனை முகத்திற் பூசிக்கொள்ளச் சொல்கிறது அம்மேலுறை. இப்பகுதியை எழுதியபொழுது எமக்கு வேறெந்த நடையணியும் தேவைப்படவில்லை.

ஏனைய குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே வினாவில் உதிர்ந்தன: ஏன்? எலுமிச்சஞ் சாற்றை எடுத்துக்கொள்வோம். அதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 2. தோலின் மேற்பரப்போ 5ஐ அண்டியது. அமிலத்தின் எரிவு ஒருபுறமிருக்க, தேசிக்காயிலுள்ள சில பதார்த்தங்கள் தோலிற் பட்டபின் வெயிலிற் போனால் தீக்காயம் போன்ற கொப்புளமும், பின்னர் மாதக்கணக்கில் மாறாத கருந்தழும்பும் உண்டாகும். வெளுக்கச் சொன்ன மருந்து கறுக்கச் செய்யும் விந்தை! அப்பச்சோடா மறுமுனை, அதன் காரம் தோலின் இயல்பான மென்னமிலத்தைக் குலைக்கும். 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்னும் வாக்கியம் கைந்நூலில் ஏழு இடங்களில் வந்தது. மரமுந்திரிகைக் கொட்டையைச் சுட்டுத் தின்ற எமது ஊர்ப் பிள்ளை எவரும் அவ்வாக்கியத்தை எழுதமாட்டார். அதன் எண்ணெய் பட்ட உதடு ஒரு கிழமைக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும். சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் இயற்கையானதே.

'உடனே பலன்' என்பதையும் நீக்கினோம். தோலின் மேற்படை புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு கிழமைகள் செல்லும். வயது ஏற இன்னும் கூடும். முகப்பருவுக்கு மருத்துவர் தரும் களிம்பே பலன்காட்ட ஆறு, எட்டுக் கிழமைகள் எடுக்கும். இதனை அறியாத பெண் இரண்டாம் கிழமையில் அதனைக் கைவிட்டு அடுத்த குப்பியை வாங்குவார். அவரது பொறுமையின்மையில் ஒரு தொழில்துறை உயிர்வாழ்கிறது. வெயிற்காப்புக் களிம்புகளின் எண்களும் அத்தகையனவே. எஸ்.பி.எவ். 15 என்பது சூரியனின் எரிக்கும் ஊதாக்கடந்த கதிரில் ஏறத்தாழ 93 வீதத்தைத் தடுக்கிறது. 30 என்பது 97. 50 என்பது 98. எண் இருமடங்காவதால் காப்பு இருமடங்காவதில்லை. அதுவும், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் என்னும் தாராளமான அளவிற் பூசினாற்றான். விலை காரணமாக அரைவாசி பூசுபவருக்கு அந்த எண் பொய்யாகிவிடும். நீண்ட கைச்சட்டையும் குடையும் எண் இல்லாத வெயிற்காப்புகள் என்றும் எழுதினோம். இதற்கு மட்டும் கைந்நூலைத் தயாரித்தவர்கள் சிரித்தார்கள்.

கடைசியில் 43 குறிப்புகளில் 9 எஞ்சின. பக்கங்கள் 16ஆகவே இருந்தன. எஞ்சியவற்றுக்கு இப்பொழுது காரணமும் அளவும் எல்லையும் சேர்ந்தன. முழங்கையின் உட்புறத்திற் சிறிது பூசி, ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பார்த்தல் என்பது ஒவ்வொரு குறிப்பிலும் திரும்பத் திரும்ப வந்தது. கூறியது கூறல் குற்றம் என்பது இலக்கண விதி. கைந்நூலை முதலிலிருந்து எவரும் படிப்பதில்லையாதலால் அவ்விதியை இங்கு மீறினோம். திருமண வீடுகளில் இடப்படும் 'கறுப்பு மருதாணி' பற்றி ஒரு பக்கம் புதிதாக எழுதினோம். மருதாணி தானாகக் கறுப்பதில்லை. அதிற் பெரும்பாலும் கலந்திருப்பது தலைமயிர்ச் சாயத்துப் பொருளே, லாஷ் லூரிலிருந்த அதே பொருள்.

நடையைப் பொறுத்தவரை வினாவிடை வடிவத்தைத் தேர்ந்தோம். பாதிரிமாரிடமிருந்து வந்து, நாவலரின் சைவ வினாவிடைகள் மூலம் எமது பள்ளிகளில் வேரூன்றிய வடிவம் அது. அதிலொரு குறையுண்டு. விடை அறிந்தவனே வினாவையும் கேட்கிறான். ஆகவே வினாக்களை நாம் ஆக்காமல், குழுவினர் தம் தோழியரிடம் கேட்டுத் திரட்டித் தந்தவற்றையே வைத்தோம். 'விலைகூடியது நல்லதா?' என்பது போன்ற வினா எமக்குத் தோன்றியிராது. அதற்கு விடையாக, சேர்மானப் பட்டியலில் நிறைப்படி மிகுந்தது முதலில் வரும் என்றும், விலையில் ஐந்து மடங்கு வேறுபட்ட இரு களிம்புகளின் பட்டியலை அருகருகே வைத்து முதல் ஐந்து சொற்களை ஒப்பிடுமாறும் எழுதினோம். தமிழில் இவற்றைச் சொல்லச் சொற்கள் போதா என்று எவரேனும் கூறின், 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து உடற்கூற்றையும் இரணவைத்தியத்தையும் தமிழில் ஆக்கிக் கற்பித்தமையை அவருக்கு நினைவூட்டலாம்.

இரண்டு இடங்களில் எமக்கும் குழுவினருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. முதலாவது, கைந்நூலுக்குப் பணம் தந்தவர் யார் என்பதை முதற் பக்கத்தில் எழுத வேண்டும் என்றோம். அழகுப் பொருட் கடையொன்று சிறு தொகை கொடுத்திருந்தது. அக்கடையின் மூன்று பொருள்கள் பழைய பதிப்பில் 'சிறந்தவை' எனப் பெயர் சுட்டப்பட்டிருந்தன. நீண்ட பேச்சின் பின், பொருட்பெயர்கள் நீங்கின. கடையின் பெயர் முதற் பக்கத்துக்கு வந்தது. அடுத்த பதிப்புக்குக் கடை பணம் தரப்போவதில்லை என்று அறிகின்றோம்.

இரண்டாவது, தலைப்பு. 'அழகாக இருப்போம்' என்றிருந்ததை 'தோலை அறிவோம்' என மாற்றுமாறு கூறினோம். ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் அந்தப் பெண்ணே மீண்டும் மறுத்தார். தோலை அறிவதற்குத் தங்களிடம் நேரமில்லை என்றும், அழகாக இருப்பதற்கென்றால் இராவேலை முடிந்து வந்தும் பதினாறு பக்கம் படிப்பார்கள் என்றும் கூறினார். பழைய தலைப்பே இருக்கின்றது.